ரக்மானினோவின் சி ஷார்ப் மைனர் பிரெலூட்: பழகும் முறை

ஏ, ஜி ஷார்ப், சி ஷார்ப். கீழ்ஸ்தாயியில் ஆக்டேவாக (ஒரே ஸ்வரம் இரண்டு ஸ்தாயியில் சேர்ந்து) விழும் இந்த மூன்று ஸ்வரங்களோடு தொடங்குகிறது ரஷ்ய இசையமைப்பாளர் செர்கேய் ரக்மானினோவின் ஓபஸ் (படைப்பு வரிசை) 3, எண் 2: சி ஷார்ப் மைனர் பிரெலூட் என்ற சிறு பியானோ துண்டு. பியானோ படிப்பவர்கள் பலரும் ஆசிரியர் சொல்வதற்கு முன்பே இதைக் கையில் எடுத்துவிடுவார்கள். முதல் பக்கம் ஒரே வாரத்தில் வந்துவிடும், அப்புறம் நின்றுபோகும். விரல் போதாததால் நிற்பது குறைவு. முதல் மூன்று ஸ்வரத்திலேயே கையிருப்பு முழுவதையும் கொட்டிவிடுவதால் நிற்பதுதான் அதிகம்.

ரக்மானினோவ் வாழ்நாளில் மூன்று வேலை பார்த்தவர்: இசை எழுதினார், இசைக்குழு நடத்தினார், பியானோ வாசித்தார். இந்த நாலு நிமிடத் துண்டைப் பழகவும் அதே மூன்று வேலைகள் வேண்டும். எழுதியவர் கண்ணால் வரைபடம் போடுவது முதலில், நடத்துநராகக் காலத்தைப் பிடிப்பது அடுத்து, விசையில் கை வைப்பது கடைசியில். பெரும்பாலோர் மூன்றாவதில் தொடங்கி அங்கேயே முடித்துக்கொள்கிறார்கள்.

உட்காருவதற்கு முன்

61 விசைக் கீபோர்டில் இது நடக்காது. கீழ் சி ஷார்ப் அதில் இருக்காது. ஸ்வரங்களை நகர்த்தும் டிரான்ஸ்போஸ் பொத்தானைப் போட்டுச் சமாளித்தால் மேலே இடிக்கும். 88 விசை வேண்டும், அதுவும் எடையுள்ள விசை.

டிஜிட்டல் பியானோ என்றால் இரண்டைப் பாருங்கள். ஒன்று, பெடல். பெட்டியோடு வரும் சின்னச் சதுரப் பெடல் 'உண்டு, இல்லை' என்ற இரண்டு நிலையை மட்டுமே அறியும். பாதிப் பெடல் கொடுக்கும் வகை தனியாகக் கிடைக்கும், பியானோவும் அதை ஏற்க வேண்டும். இரண்டாவது, பாலிஃபனி, அதாவது ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகளைப் பிடித்துவைக்கும் என்ற எண். பெடலை மிதித்துக்கொண்டு இரண்டு கையாலும் எட்டு ஸ்வரக் கார்டுகளை (ஒன்றாகச் சேர்த்து அடிக்கும் ஸ்வரக் கொத்துகளை) அடுக்கும்போது 32, 64 எண் உள்ள கருவி பழைய ஒலிகளைச் சத்தமில்லாமல் கழற்றிவிடும். பல கருவிகளில் ஒரு ஸ்வரமே இரண்டு இடத்தை எடுத்துக்கொள்ளும். திடீரென்று அடியில் பேஸ் காணாமல் போனால் உங்கள் காலைத் திட்டாதீர்கள், கருவியின் கணக்கைப் பாருங்கள். 128க்குக் குறையாமல் இருந்தால் நல்லது.

கை ஆக்டேவைப் பதற்றமில்லாமல் தொட வேண்டும், அது போதும். ரக்மானினோவின் கை பதின்மூன்றாவது ஸ்வரம் வரை எட்டும் என்பார்கள். அந்தக் கணக்கில் நம்மை ஒப்பிட்டுப் பயனில்லை.

நொட்டேஷன் வாங்கும்போதோ இறக்கும்போதோ ஏமாறுவது சகஜம். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கடந்தால் உரிமை முடிகிறது. ரக்மானினோவ் 1943இல் இறந்தார், ஆகவே பழைய பதிப்புகளைத் தயங்காமல் எடுக்கலாம். ஆனால் இணையத்தில் சுற்றுவதில் பாதி எளிதாக்கப்பட்டவை. இரண்டு அடையாளம் பாருங்கள்: தொடக்கத்தில் நான்கு ஷார்ப் இருக்க வேண்டும், பிற்பகுதியில் வழக்கமான இரண்டு ஸ்டேவ் (ஐந்து கோட்டு வரிசை) நான்காக விரிய வேண்டும். நான்காக விரியாத தாள் அசல் இல்லை.

எழுதியவர் கண்ணால்

இதை எழுதியபோது அவருக்கு வயது 19. 1873 ஏப்ரல் 1 அன்று ரஷ்யாவின் நோவ்கோரோத் வட்டாரத்தில், நிலபுலன் கரைந்துகொண்டிருந்த குடும்பத்தில் பிறந்தவர். பீட்டர்ஸ்பர்க் கன்சர்வேட்டரியில் (இசைக் கல்லூரியில்) படிப்பு தேறவில்லை. அத்தை மகன் உறவான பியானோ கலைஞர் அலெக்சாண்டர் சிலோட்டியின் சொல்படி, மாஸ்கோவில் நிகோலாய் ஸ்வெரெவ் வீட்டில் தங்கிப் படிக்க அனுப்பினார்கள். நம் ஊர்க் குருகுலம் மாதிரிதான்: தங்கலும் சாப்பாடும் குருவின் பொறுப்பு, மாணவர்கள் முறைவைத்து விடியற்காலை 6 மணிக்கே பியானோ முன் உட்கார வேண்டும். 1892இல் 'அலெகோ' என்ற ஓபராவுக்காகத் தங்கப் பதக்கத்தோடு மாஸ்கோ கன்சர்வேட்டரியை முடித்தார். அதே ஆண்டு இந்தப் பிரெலூட். மாஸ்கோவில் நடந்த மின்சாரக் கண்காட்சியில் முதன்முதலாக மேடையேறியது. பதிப்பாளர் குட்ஹைல் தந்தது 40 ரூபிள். ரஷ்யா அப்போது பெர்ன் காப்புரிமை உடன்படிக்கையில் இல்லை. உலகமெல்லாம் அச்சாகி விற்றும் அதற்குமேல் ராயல்ட்டி என்று எதுவும் அவருக்கு வரவில்லை.

மொத்தம் 62 பார் (தாள அளவுக்குப் பிரித்த கட்டங்கள்). பென்சிலால் நாலாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் பகுதி, லென்ட்டோ, நம் கணக்கில் விளம்ப காலம். மூன்று ஸ்வரங்கள் இரண்டு எஃப் பலத்தில் விழுகின்றன (எஃப் பலத்தின் குறி, பி மென்மையின் குறி, எண்ணிக்கை கூடக் கூட அளவும் கூடும்). மூன்றாவது பாரில் மேலே கார்டுகள் மூன்று பி மென்மையில் பதில் சொல்கின்றன. கீழே அதே மூன்று ஸ்வரம் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது, அஜிட்டாட்டோ, அதாவது பதற்றமாக. திஸ்ர நடையில் ஓடும் ட்ரிப்லெட்டுகள் (மும்மூன்றாக வரும் ஸ்வரங்கள்), மேல் ஸ்வரங்கள் அரைப்படி அரைப்படியாக இறங்கும். முடிவில் இரண்டு கையும் மாறிமாறிக் கார்டு அடித்துக்கொண்டே சரியும்.

மூன்றாவது, முதல் பகுதி நான்கு ஸ்டேவில் திரும்புகிறது. சில கார்டுகளின் மேல் நான்கு எஃப் போட்ட ஸ்ஃபோர்ட்ஸாண்டோ (திடீர் அழுத்தக் குறி) இருக்கும்.

நான்காவது, கடைசி ஏழு பார். எல்லாம் அடங்கும்.

இப்போது ஒவ்வொரு பகுதியின் பலத்துக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் எழுதுங்கள். நாங்கள் பரிந்துரைப்பது: தொடக்க மூன்று ஸ்வரம் 6, பதில் கார்டுகள் 2, அஜிட்டாட்டோ தொடங்குவது 3, முடிவது 8, திரும்பல் 9, அந்தத் திரும்பலுக்குள் ஒரே ஒரு கார்டுக்கு 10, கடைசி ஏழு பார் 5இல் தொடங்கி 1இல் முடிய வேண்டும். அந்த ஒரே 10 எது என்பதை நீங்களே தேர்ந்து வட்டமிடுங்கள். இரண்டுக்கு வட்டமிட்டால் ஒன்றை அழியுங்கள்.

இது நாங்களாகக் கிளப்பிய கட்டுப்பாடு இல்லை. ஒவ்வொரு படைப்புக்கும் ஒரு 'புள்ளி' உண்டு, எல்லாமே அதை நோக்கித்தான் அளந்து போக வேண்டும், அது நழுவினால் மொத்தமும் நழுவியது என்று ரக்மானினோவ் சொன்னதை அவருடைய தோழியும் எழுத்தாளருமான மரியெத்தா ஷகின்யான் பதிவுசெய்திருக்கிறார். இந்தப் பிரெலூடைப் பற்றி 1910இல் ஓர் அமெரிக்க இதழுக்கு அவரே எழுதிய கட்டுரையிலும் இதே எச்சரிக்கைதான்: தொடக்கத்திலேயே பலத்தைக் காட்டிவிடாதே, அதற்கான இடம் பின்னால் வருகிறது. 'மாஸ்கோ மணிகள்', 'தீர்ப்பு நாள்' என்றெல்லாம் பெயர் வைத்துக் கதை கட்டியவர்களுக்கும், இதில் கதை எதுவும் இல்லை, இது வெறும் இசை என்று அதிலேயே பதில் சொல்லிவிட்டார். மணியோசை கேட்கக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. 'மணி' என்று நினைத்ததும் கை ஓங்கிவிடுகிறது, அதுதான் சங்கடம்.

நடத்துநர் கையால்

பியானோவை மூடிவையுங்கள். எழுந்து நில்லுங்கள். வலக்கையால் நாலு எண்ணிக்கை போடுங்கள்: கீழே, உள்ளே, வெளியே, மேலே. மெட்ரோனோம் (தாளம் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 44. வாயால் மூன்று ஸ்வரத்தைப் பாடிக்கொண்டே கையை அசையுங்கள். இரண்டாவது பாரில் சி ஷார்ப் நீள்கிறது அல்லவா, அங்கே நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அவசரப்படுவார்கள். ஒலி தேயத் தேய மனசு பதறும், அரை எண்ணிக்கை முன்னதாகவே அடுத்த கார்டு விழுந்துவிடும். கை போட்டுக்கொண்டு பாடினால் இந்தத் திருட்டு உடனே பிடிபடும். ஐந்து நாள், நாளுக்குப் பத்து நிமிடம் இப்படிச் செய்யுங்கள்.

அஜிட்டாட்டோவுக்கு வந்ததும் எண்ணிக்கைக்கு மூன்று: தகிட தகிட தகிட தகிட. மிருதங்கக்காரர் யாரேனும் பக்கத்தில் இருந்தால் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், ட்ரிப்லெட் சமமாக இருப்பது எப்படி என்று ஒரே நிமிடத்தில் புரிந்துவிடும். முதல் பகுதியின் 44இலிருந்து இங்கே 88க்குப் போனால் கணக்கு எளிது, சரியாக இரண்டாம் காலம். சிலர் இன்னும் வேகமாகப் போவார்கள். எங்கள் பார்வையில் 96க்கு மேல் போனால் மேல் ஸ்வர மெட்டு கரைந்துவிடுகிறது.

நடத்துநர் வேலையை ரக்மானினோவும் இடிபட்டுத்தான் கற்றார். 1897இல் பீட்டர்ஸ்பர்க்கில் இசையமைப்பாளர் கிளாசுனோவ் நடத்திய அவருடைய முதல் சிம்பொனி படுதோல்வி. விமர்சகர் சீசர் குயி அதை எகிப்தின் பத்து வாதைகளோடு ஒப்பிட்டு எழுதினார். அதன்பின் சுமார் மூன்று ஆண்டுகள் பெரிதாக எதுவும் எழுத முடியவில்லை. அந்த இடைவெளியில்தான் செல்வந்தர் மாமொந்தோவின் தனியார் ஓபராவில் நடத்துநர் வேலைக்குப் போனார். வாத்தியக்காரர்களுக்குப் போலவே பாடகர்களுக்கும் எங்கே நுழைய வேண்டும் என்று சைகை தர வேண்டும் என்பதே முதல் ஒத்திகையில்தான் உறைத்தது. 1900இல் மருத்துவர் நிகோலாய் தாலிடம் சிகிச்சை பெற்று மீண்டார். 1901இல் இரண்டாம் பியானோ கன்செர்ட்டோவைத் தானே வாசித்தார், சிலோட்டி நடத்தினார். 1904 முதல் 1906 வரை பல்ஷோய் அரங்கில் நடத்துநர்.

அவர் நடத்திய ஒலிப்பதிவுகள் மூன்று இருக்கின்றன, மூன்றும் ஃபிலடெல்ஃபியா இசைக்குழுவோடு: 1929இல் 'இறந்தோர் தீவு', 'வோக்கலீஸ்', 1939இல் மூன்றாம் சிம்பொனி. பிரெலூட் பழகுபவர்கள் முதலில் கேட்க வேண்டியது 'இறந்தோர் தீவு'. ஐந்து எண்ணிக்கையில், ஏறக்குறைய கண்ட நடையாக, துடுப்புப் போடுவதுபோல அடியில் ஒரு அசைவு. அது எவ்வளவு நேரம் மேலே ஏறாமல் காத்திருக்கிறது என்று கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். பிரெலூடில் நாலு நிமிடத்துக்குள் செய்ய வேண்டியதை அங்கே பெரிய அளவில் செய்கிறார்.

விசையில் கை

பியானோ விசை கீழே போவது சுமார் 10 மில்லிமீட்டர். அடித்தளம் தொடுவதற்குச் சற்று முன்பே சுத்தியல் விடுபட்டுத் தந்தியை நோக்கிப் போய்விடும். ஆகவே விசை அடியைத் தொட்டபின் நீங்கள் அழுத்துகிற அழுத்தம் முழுவதும் வீண், மணிக்கட்டு வலிதான் மிச்சம். தொடக்க ஆக்டேவை இப்படிச் செய்யுங்கள்: சுண்டுவிரலும் கட்டைவிரலும் விசையின் மேல் தொட்டபடி இருக்கட்டும்; முழங்கையிலிருந்து எடையை விடுங்கள்; ஒலி வந்த கணமே மணிக்கட்டைத் தளர்த்துங்கள், விரல் மட்டும் விசையைப் பிடித்திருக்கட்டும். உயரத்திலிருந்து கையை வீசினால் ஒலி பெரிதாகாது, தட்டையாகும். முன்கை எரிந்தால் நிறுத்திவிடுங்கள். எரிச்சலைத் தாங்கிக்கொண்டு பழகுவது இந்தத் துண்டில் காயத்துக்கு நேர்வழி.

அடுத்து மூன்று பி கார்டுகள். உண்மையில் முதல் பக்கத்தின் கஷ்டம் இங்கேதான். மென்மையாக வாசிக்கப் போனால் ஒன்றிரண்டு ஸ்வரம் பேசாமல் போகும். காரணம் விரல்கள் வெவ்வேறு நேரத்தில் விசையைத் தொடுவது. கார்டை முதலில் ஒலியில்லாமல் தொட்டு நில்லுங்கள், எல்லா விரலும் விசைமேல் பட்டதை உணருங்கள், பிறகு மொத்தமாக இறக்குங்கள். விசையை முழுக்க மேலே எழவிடாமல் பாதியிலிருந்தே அடுத்ததை அடிக்கலாம். கிராண்ட் பியானோவின் இயந்திர அமைப்பு இதற்கு நன்றாக ஒத்துழைக்கும், அப்ரைட் அவ்வளவு ஒத்துழைக்காது. வலக்கைச் சுண்டுவிரலுக்கு ஒரு துளி கூடுதல் எடை. இடது பெடலை இங்கே மிதிக்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வலது பெடல்தான் சூட்சுமம். இடக்கை கீழே ஆக்டேவை அடித்துவிட்டு மேலே கார்டுக்கு ஓட வேண்டும். எனவே பேஸை நீட்டிப்பது விரல் இல்லை, பெடல். முழுக்க மாற்றினால் பேஸ் அறுந்துபோகும், மாற்றவே இல்லையென்றால் மேல் கார்டுகள் கலங்கிச் சேறாகும். பெடலை மூன்றில் ஒரு பங்கு மட்டும் தூக்கிச் சட்டென்று இறக்குங்கள். மேல் தந்திகள் மெலிதானவை, ஒரு தொடுதலில் அடங்கிவிடும். கீழ்த் தந்திகள் கனமானவை, அவ்வளவு சீக்கிரம் அடங்காது. எவ்வளவு தூக்க வேண்டும் என்பது பியானோவுக்குப் பியானோ மாறும். அன்றன்று காதால் தேட வேண்டியதுதான். புது ஆக்டேவ் விழும்போது மட்டும் முழு மாற்றம்: கை விழும்போது கால் எழ வேண்டும், ஒலி வந்த பிறகு கால் இறங்க வேண்டும்.

அஜிட்டாட்டோவை மூன்று அடுக்காகப் பிரியுங்கள். முதல் நாள் மேல் மெட்டு மட்டும், பின்னால் எந்த விரலால் வாசிக்கப்போகிறீர்களோ அதே விரலால். இரண்டாம் நாள் ஒவ்வொரு ட்ரிப்லெட்டையும் ஒரே கார்டாகச் சேர்த்து அடியுங்கள், கை எந்த வடிவத்துக்கு மாறுகிறது என்பது அதில் பதியும். மூன்றாம் நாள் பிரித்து வாசியுங்கள், மெட்டு ஸ்வரத்தை விரல் பிடித்துக்கொண்டே மற்ற இரண்டும் அடியில் ஓடட்டும். 50இல் தொடங்கி, பிழையில்லாமல் மூன்று முறை வந்தால் 4 கூட்டுங்கள். இங்கே வரும் வழக்கமான கோளாறு, முதல் ஸ்வரத்துக்கு அழுத்தம் தருகிறேன் என்று அதை நீட்டி, தகிட என்பது தா-கிட ஆகிவிடுவது.

மெதுவாகப் பழகுவது பற்றி ஒரு சாட்சி. ரக்மானினோவ் ஷோபானின் மூன்றாம் இடைவெளி எட்யூடை (பயிற்சித் துண்டை) பழகுவதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்ட பியானோ கலைஞர் ஆப்ரம் சேசின்ஸ், அது என்ன துண்டு என்றே முதலில் தெரியவில்லை என்கிறார். ஒரு பாருக்கு ஏறக்குறைய 20 வினாடி. அந்த வேகத்தில் பிரெலூடின் ஒரே ஒரு வரியை வாசித்துப் பாருங்கள், பொறுமை என்றால் என்னவென்று தெரியும்.

மாறிமாறி விழும் கார்டுகளுக்கு ஒரு குறுக்குவழி உண்டு: இரண்டு கையின் கார்டையும் ஒன்றாகச் சேர்த்து அடித்தே முதலில் கீழே இறங்குங்கள், வழி பதிந்தபின் பிரியுங்கள். வேகம் தானாகக் கூடப் பார்க்கும், விடாதீர்கள். இதன் முடிவில்தான் திரும்பல், மூச்சு வேண்டும்.

நான்கு ஸ்டேவைக் கண்டு பயப்பட வேண்டாம். நாலு கை வேண்டாம், ஒவ்வொரு கைக்கும் இரண்டு வீடு, அவ்வளவுதான். கீழ் வீட்டில் ஆக்டேவ், மேல் வீட்டில் கார்டு. பழக்கம் தாவலுக்குத்தான். ஆக்டேவை அடித்து, மேலே தாவி, கார்டின் மேல் ஒலியில்லாமல் இறங்கி நில்லுங்கள். விரல் சரியா என்று பாருங்கள். சரியென்றால் அழுத்துங்கள். தாவலுக்குப் பத்து முறை. கை வானவில் போல வளைந்து போகக்கூடாது, விசையை உரசாத உயரத்தில் நேராகப் போகட்டும். கண் கைக்கு முன்னால் போகட்டும். கை சிறிதென்றால் கார்டை உருட்டாதீர்கள், அதாவது ஸ்வரங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடிக்காதீர்கள். மேலும் கீழும் இருக்கும் ஸ்வரத்தை வைத்துக்கொண்டு, மற்றக் கையில் ஏற்கெனவே ஒலிக்கும் உள்ஸ்வரம் ஒன்றை விட்டுவிடுங்கள். உருட்டினால் காதுக்கு உடனே தெரியும், விட்டது தெரியாது.

கடைசி ஏழு பாரில் கார்டுகளின் நடு ஸ்வரங்கள்தான் நகர்கின்றன. மேல் ஸ்வரத்தை ஒலிக்கவைத்தே பழகிய கை இங்கே தடுமாறும். இரண்டு கையிலும் நடுவில் நகரும் ஸ்வரத்தை மட்டும் தனியாக வாசித்துக் காதில் ஏற்றுங்கள், பிறகு மற்றவற்றைச் சேருங்கள்.

அவர் வாசித்ததைக் கேட்பது

வரைபடம் போட்ட பிறகு கேளுங்கள், முன்னால் வேண்டாம். 1917 டிசம்பரில் குடும்பத்தோடு ரஷ்யாவை விட்டு வெளியேறி, 1918இல் நியூயார்க் சேர்ந்தபோது அவருக்கு வயது 45. பாஸ்டன், சின்சினாட்டி இசைக்குழுக்கள் நடத்துநர் பொறுப்புக்கு அழைத்தும் மறுத்துவிட்டு, பிழைப்புக்காகப் பியானோவைத் தேர்ந்தார். அந்த வயதில் உட்கார்ந்து மற்றவர்களின் படைப்புகளைப் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. கச்சேரிக்குக் கச்சேரி கூட்டம் இந்தப் பிரெலூடைக் கேட்டுக் கூச்சல் போட்டது, அவருக்கு அது அலுத்தே போனது. இருந்தும் 1919, 1921, 1928 என மூன்று முறை இசைத்தட்டில் பதிந்திருக்கிறார். முதல் இரண்டும் கூம்புக் குழாய் முன் வாசித்தவை, பேஸ் மெலிந்து கேட்கும். 1928 பதிவு மைக்ரோஃபோன் காலத்தது, அதிலிருந்து தொடங்குங்கள். தாளைக் கையில் வைத்துக்கொண்டு, நீங்கள் வட்டமிட்ட கார்டு வரும்போது அவருடைய 10 அங்கேதான் இருக்கிறதா என்று பாருங்கள். வேறு இடத்தில் இருந்தால் உங்கள் வட்டத்தை உடனே அழிக்க வேண்டாம், ஒரு வாரம் இரண்டையும் வாசித்துப் பாருங்கள்.